பாட்டை வெட்டிய வருஷம்

அந்த நாடகத்தில் கதவைத் திறக்கச் சொல்லவும் ஒரு பாட்டு உண்டு. காப்பி கேட்க ஒன்று, தும்முவதற்கு ஒன்று. வளர்ப்புப் பெண்ணைத் தானே கட்டிக்கொள்ளும் ஆசையில் அவளை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் சந்தேகக் கிழவனின் கதை. முழுக்கப் பாட்டாகவே நடக்கும் பழைய சிரிப்பு நாடகம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வருஷந்தோறும் அதைப் போடுவோம். கிழவன் வேஷம் எனக்கு.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். பாட்டென்றால் பயமில்லை. அடுத்த சொல்லை ராகமே இழுத்து வந்துவிடும்.

மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லும் எல்லைப் போராட்டம் சூடாக இருந்த நேரம். அந்த வருஷம் நாடகத்தைத் திருத்தும் வேலையைப் பள்ளிக்கூட வாத்தியார் எடுத்துக்கொண்டார்.

"சினிமா பாத்துப் பழகின சனம் மக்கா. தும்மலுக்கெல்லாம் பாடினா எழும்பிப் போயிருவான்" என்றார்.

முக்கால்வாசிப் பாட்டை வெட்டி வசனமாக்கினார். அதுவும் கலப்பில்லாத தமிழில். முன்வரிசையில் போராட்டக்காரர்கள் இருப்பார்கள், ஒரு மலையாளச் சொல் விழுந்தாலும் ரகளையாகும் என்று அவருக்குப் பயம்.

"சாரே, எனக்கு வசனம் வராது. வேற ஆளப் பாருங்க" என்றேன்.

வேலைக்காரன் வேஷம் போடும் தையல்காரன் சிரித்தான். "வேஷம் போடாமலே கிழவன் மாதிரி இருக்கது நீ மட்டுந்தானே!"

விடவும் மனமில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஊர் என்னைத் திரும்பிப் பார்க்கும். மரச்சீனிக் கிழங்கு போட்ட விளையில் மண்வெட்டியோடு வசனம் சொல்லிப் பழகினேன். மரச்சீனிக்கு முன்னால் ஒரு தடங்கலும் இல்லை.

நாடகத்தன்று முன்வரிசையில் போராட்டக்காரர்கள். ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். பின்னால் ஊரில் மலையாளம் பேசும் வீட்டார். திரை விலகியது. 'அடே, வாயிற்கதவை விரைந்து தாழிடுவாயாக' என்று நான் சொல்லவேண்டும். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கதவருகே நின்ற தையல்காரன் என்னையே பார்த்து விழித்தான். அவன் விழித்த விழியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எலே, என்னத்தப் பாத்துட்டு நிக்கே? வாதில் அடைக்கெடா! களவாணி உள்ள வந்தப்பறமா பூட்டுவே?"

வீட்டில் பிள்ளைகளை ஏசும் அதே பேச்சு. மலையாளமும் கலந்துதான் வந்தது. முன்வரிசையில், கோஷம் போட்டே தொண்டை கட்டிப்போன ஒருவர் எழுந்தார். ரகளைக்குத்தான் என்று நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"எங்க மாமனாரு ஏசுகது இப்படியேயாக்கும்!" என்று அந்தக் கட்டின தொண்டையோடு கத்தினார்.

போலீஸ்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு கிழவனுக்குக் கோபம் வரவர நான் பேசிக்கொண்டே போனேன். இரண்டு வரிசையாவது சிரிக்காதா என்று ஏங்கியவனுக்குப் பின்வரிசை வரை சிரிப்புக் கேட்டது.

முடிந்ததும் வாத்தியார் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"நான் எழுதினதுல ஒரு வரி நீ சொல்லேல."

"மறந்து போச்சு சாரே."

"அடுத்த சனிக்கிழமை காரக்கோணத்துல போடணும்னு விளிச்சிருக்காவ" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்" என்றார்.