தாய்மாமன் இலை

என் குடலின் கடைசித் துண்டு பிறக்கும்போதே நரம்பில்லாமல் இருந்தது. கைக்குழந்தையிலேயே கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்தார்கள். உயிர் தங்கியது, அடக்கும் சக்திதான் தங்கவில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கக்கூஸ் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஹட்டனில் ஆசிரியராக இருக்கும் என் பையில் இன்றும் பாடப்புத்தகத்தோடு ஒரு மாற்றுக் காற்சட்டை இருக்கும். வயிற்றுத் தழும்பை யாராவது கேட்டால் குடலிறக்கம் என்று சொல்லும்படி அம்மா பழக்கிவிட்டுப் போனார். ஒரே தங்கைக்கும் அதையே சொல்லிவைத்தேன்.

தங்கை வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறாள். அங்கே கக்கூஸ் எல்லாருக்கும் பொது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் கீழே படி இறங்கிப் போக வேண்டும். வாசலில் எப்போதும் யாராவது வாளியோடு நிற்பார்கள்.

அவள் மகள் பெரிய பிள்ளையானபோது சீர்த்தட்டோடு போனேன். எங்கள் ஆட்களிடம் தாய்மாமன் இலையில் கைவைக்காமல் பந்தி தொடங்காது. தங்கை தன் கையாலேயே கோழிக்கறியை அள்ளி வைத்தாள். லயமே பார்த்துக்கொண்டிருந்தது. சோற்றை விரலால் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "இப்பத்தாம்மா சாப்பிட்டு வந்தேன்" என்று எழுந்துவிட்டேன்.

"ஸ்கூல் சேருக்கு லயத்துச் சோறு எறங்காது போல" என்றார் பின்னாலிருந்து ஒருவர். தங்கை என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வெட்கம். தலைக்கனம் பிடித்தவன் என்ற பெயர் தேவலை என்று தோன்றியது. அது கொஞ்சம் கௌரவமான வியாதி.

போன மாதம் அதே மகளின் கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்கோடு தங்கை என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கதிரை நுனியில் உட்கார்ந்தவள் அதைத் தொடவில்லை. இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, ஒங்களுக்கு மட்டும் டவுன் கடையில பார்சல் சொல்லியிருக்கேன். எங்க சாப்பாடு ஒங்களுக்குச் சரிவராதில்ல. அன்னைக்கு மாதிரி பாதியில எந்திரிச்சுப் போயிடாதீங்க, புள்ள பாவம்."

கோபத்தில் சொல்லவில்லை. எனக்காக யோசித்து ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "சரிம்மா" என்றேன்.

அவள் பஸ்ஸுக்குப் போனபிறகு, ஆறிப்போன அந்தத் தேத்தண்ணியை நானே குடித்தேன். என் வீட்டில் நான் எதையும் குடிக்கலாம்.