பேச்சுப் பக்கத்தில் தங்கமணி

பாலக்காடு பக்கத்துச் சித்தூர் தங்கமணி நெஞ்சுவலியில் போய்விட்டார் என்ற செய்தி நம் விக்கிப்பீடியா தன்னார்வலர் குழுவில் வந்தபோது, அவர் கேட்டிருந்த கேள்விக்கு நான் பதில் எழுதாமல் ஒன்பது நாள் ஆகியிருந்தது. மறக்கவில்லை. கோபத்தில் வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருந்தேன். உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதிதாக வருபவர்கள் படம் ஏற்றுவது எப்படி என்று பத்துப் படிகளில் உதவிப் பக்கம் எழுதியது நான். எல்லோரும் பாராட்டினீர்கள். தங்கமணி மட்டும், அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் பேச்சுப் பக்கத்தில், "நாலாவதுல நிக்கறேனுங்க. நீங்க சொல்ற பட்டனக் காணோமுங்க" என்று எழுதினார். ஒழுங்காகப் படியுங்கள் என்று சுள்ளென்று பதில் போட்டேன்.

மறுவாரம் தோப்பு வேலையை முடித்துவிட்டு, பஸ் ஏறிப் பாலக்காட்டில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்ணா, வாயால ஒண்ணும் சொல்லாதீங்க. எழுதியிருக்கறத மட்டும் பாத்துச் செய்யறனுங்க" என்று போனை எடுத்தார். நாலாவதில் பட்டன் இல்லைதான். நான் கணினியில் பார்த்து எழுதியவன். போனில் ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை. அடச்சே என்றாகிவிட்டது. அவர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியுமுங்ணா. தெரியாதவங்களுக்குத்தானுங்க இது."

எந்த உதவிப் பக்கத்தையும் அவர் அப்படித்தான் செய்து பார்ப்பார். நின்ற இடத்தைக் குறிப்பார்; எழுதியவரைக் கேட்காமல் ஒரு வரியைக்கூடத் தொடமாட்டார். நாலாவதைத் திருத்தி, அந்தப் பக்கத்தைப் பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலை எஸ்டேட் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் நாள் குறித்த பிறகு, "எட்டாவதுலயும் நிக்கறேனுங்ணா" என்று மறுபடி எழுதினார். இந்த அம்மிணிக்கு வேறு வேலையே இல்லையா என்று மூடிவைத்தேன். அந்தக் கேள்விதான் ஒன்பது நாள் கிடந்தது.

அவருடைய காரியம் முடிந்த அன்று போனில் செய்து பார்த்தேன். எட்டாவதில் நானும் நின்றேன். படத்தைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மூன்று உரிமங்களில் எதைத் தேர்வது என்று நான் எழுதவே இல்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திருத்தினேன்.

போன ஞாயிறு பள்ளிவாசல் எஸ்டேட் வகுப்பில் ஒரு பெண் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, "எனக்கு அம்புட்டுப் படிப்பு இல்ல சார், இது நமக்கு ஆவாது" என்றார். முன்பானால் அடுத்தவரிடம் போயிருப்பேன். அருகில் உட்கார்ந்து, "எதுல நிக்கறீங்க? தப்பு நான் எழுதுனதுலதான் இருக்கும்" என்றேன். தயங்கி, ஐந்தாவது என்றார். தங்கமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இப்படிக் கேட்பதைத்தான்.

எட்டாவதைத் திருத்தியாயிற்று என்று பேச்சுப் பக்கத்தில் அவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். செய்து பார்த்துச் சொல்லத்தான் அவர் இல்லை.