வாசிக்காமல் விட்ட வரி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றையும் கையேந்த விடவில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்; நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கண்டியில் கிளினிக். பழைய டாக்டர் துண்டுச் சீட்டெல்லாம் கேட்டிருந்தார்கள். அலுமாரியில் பூச்சியுருண்டை வாசத்தோடு கிடந்த ஒன்றையும் எடுத்துப் போனேன். யாழ்ப்பாணத்து டொக்டர் பிள்ளை நெஞ்சில் குழாய் வைத்து, "மர்மர் கேக்குது அம்மா" என்றாள்.

"அப்படின்னா என்னாம்மா?"

"சின்னச் சத்தம். ஆறு சலசலக்கிறதையும் சொல்லலாம், சனம் வாய்க்குள்ள முணுமுணுக்கிறதையும் சொல்லலாம். நெஞ்சில கேட்டா எல்லாம் நோய் வருத்தமில்லை, பயப்பிடாதேங்கோ."

எனக்கு அது பழைய சொல். என் இளவயதில் தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்கு ஆள் எடுத்தார்கள். கொழுந்துக்குப் போனவர்களின் பிள்ளைகளைச் சேலைத் தொட்டிலில் ஆட்டுகிற வேலை, மழையில்லை, அட்டையில்லை. எனக்குத்தான் என்று கிளாக்கரய்யா சொல்லியிருந்தார். தோட்டத்து டாக்டர் சோதித்து இங்கிலீஷில் துண்டு கொடுத்தார். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்குத் துண்டு வந்தாலும் என் சிநேகிதி பார்வதிதான் வாசிப்பாள். கைமாறாக அவளுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுப்போம்.

"மர்மர்னு போட்டிருக்கு புள்ள. நெஞ்சுல கோளாறு. இதக் குடுத்தா ஒம் பேரையே தோட்டத்துலருந்து வெட்டிருவாங்க, ஒளிச்சு வையி. அய்யாகிட்ட நா பக்குவமா சொல்லிக்கிறேன்."

சொன்னாள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

பிள்ளை தூக்க ஆகாத நெஞ்சு, முப்பது வருஷம் மலையில் கொழுந்துக் கூடை தூக்கியது. அது ஏன் என்று கேட்கத் தோன்றாத மடைச்சி நான்! என் ஐந்தும் அவள் தொட்டிலில்தான் தூங்கின. சாயந்தரம் பிள்ளையைத் தரும்போதெல்லாம், "மெதுவா நட புள்ள, நெஞ்சு" என்பாள். இப்படி ஒரு சிநேகிதியா என்று பூரித்துப் போவேன். அவள் செத்தபோது பெற்ற மகளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

டொக்டர் பிள்ளை அந்தப் பழைய துண்டைப் பிரித்துப் பார்த்தாள். "இதிலயே இருக்கே அம்மா. மர்மர் இருக்கு, ஆபத்தில்லை, வேலைக்கு எடுக்கலாம் எண்டு."

இரண்டே வரி. ஒன்றைப் பார்வதி வாசித்தாள், மற்றதை விட்டாள்.

பிள்ளைக் காம்பராவின் கூரை விழுந்துவிட்டதாம். லயமும் பாதிதான் நிற்கிறது. ஏன்டி செய்தாய் என்று கேட்க அவளும் இல்லை.

பேரா, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டு. பாட்டி மனசு நோகும் என்று ஒரு வரியும் விடாதே.