பூவைக் கேட்காமல்

அரளியில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. வெட்டி மிஞ்சிய பனியன் துணியில் இரண்டையும் தனித்தனியே முடிந்து மாரியம்மன் முன்னால் வைப்பார் சென்னிமலை. பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். வீடு மாற்றியது, செல்போன் வாங்கியது, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது எல்லாம் பூக் கேட்டுத்தான்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். டீக்கடையில், "டீயோ காப்பியோ, நீங்களே பார்த்துக் குடுங்க" என்பார். ஆனால் துணிமேல் அளவு அட்டை வைத்துக் கோடு போட்டாகிவிட்டால் அவர் கத்தி நூலிழை பிசகாது.

"கோட்டு மேல போறதுக்கு நாம எதுக்குங்க? கத்தியே போயிக்கும்."

"அப்போ சம்பளத்தையும் கத்திக்கே குடுக்கச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்பாள் செக்கிங் மேசையில் இருக்கும் தூத்துக்குடிக்காரி ரோஸ்மேரி. அவரும் சிரிப்பார்.

போன ஆடிக்குப் பிறகு சிரிப்பதில்லை. அந்த ஆடியில் ஒருநாள் மனைவி செல்லாத்தாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, என்னைக் கட்டறதுக்கும் பூக் கேட்டீங்களாமா. உங்கக்கா சொல்லுச்சு. செவப்பு வந்திருந்தா உட்டுட்டுப் போயிருப்பீங்களா?"

சென்னிமலைக்குப் பொய் வராது. மறுநாள் அவள் ஊத்துக்குளியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "பூவைக் கேக்காம, உங்களுக்கா வரோணும்னு தோணுச்சுன்னா வந்து கூப்புடுங்க. வந்தர்றேன்."

தோன்றாமல் என்ன? தனக்கு ஆகாத பாகற்காயை, அவளுக்குப் பிடிக்கும் என்று இன்னும் வாங்கிவந்து வாடவிடுகிறார். ஒருநாள் ரோஸ்மேரியிடம் கேட்டே விட்டார்.

"எனக்கா தோணுறதுன்னா எப்புடீங்க? இந்த ஆசையவும் அம்மன்தானுங்களே உள்ள வெச்சிருக்கா?"

"வச்சது யாரா இருந்தா என்ன, வலிக்கது ஒங்களுக்குத்தான? போங்க அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு முடிச்சிலும் சிவப்பையே வைத்தார். வெள்ளை வந்து, அதனால் போனால் அது அம்மன் அனுப்பியதாகிவிடும். வேண்டாம் என்ற பிறகும் போனால்தான் அவராகப் போனது. பூசாரி எடுத்துத் தந்ததை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பிரித்தார். சிவப்பு. தானே வைத்ததுதான். இருந்தும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஊத்துக்குளி பஸ் நகரத் தொடங்கியது. ஓடிப்போய், கம்பியைப் பிடித்து, படியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு கால் தரையோடு ஓடிக்கொண்டிருக்க, கண்டக்டரின் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏறட்டுங்களா?"