திரும்பி வந்த தகரக்குழல்

கிறிஸ்மஸ் கேரல் பாட எங்கள் முற்றத்துக்கு வந்தவர்களோடு நரைத்தாடிக்காரர் ஒருவர் தகரக்குழல் ஊதினார். ஊதுவதற்கு முன் ஒரு கால் செருப்பை மட்டும் கழற்றினார். பாதியில் குழல் பாட்டை விட்டு எங்கேயோ போனது. பாடியவர்கள் திகைத்து நிறுத்திவிட்டார்கள்.

"நாளைக்கு நீரு வரண்டாம் ஓய்," என்றார் சபைக் கமிட்டிக்காரர்.

"இது ஜாஸ் ஆக்கும், பாட்ட விட்டு வெளிய போயி ஊதுத சங்கீதம்," என்றார் தாடிக்காரர். பிறகு பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்த என்னைப் பார்த்தார். "நான் ஊதினது தப்பா அக்கா?"

ஆண்கள் முன்னால் நான் பேசுவதில்லை. அன்று கமிட்டிக்காரரிடமே சொல்லிவிட்டேன்: "அவரு திரும்பி வருவாரு. நீங்கதான் அதுக்கு முன்ன நிறுத்திட்டிய."

எல்லோரும் சிரித்தார்கள். "செரி, ஊதும். நிறுத்தாம பாடுதோம்," என்றார் கமிட்டிக்காரர்.

செருப்பு மறுபடி கழன்றது, வெறுங்கால் தரையில் தாளம் தட்டியது. குழல் போனது, கடைசி அடிக்குச் சரியாகத் திரும்பி வந்தது.

இப்போது சமையலறையில் பாடும்போது நானும் பாட்டை விட்டு விலகிப் போய்ப் பார்க்கிறேன். அவர் எப்படித் திரும்பினார் என்றுதான் தெரியவில்லை.