சாவு வீட்டில் சிவந்த வாய்

வெற்றிலை போட்டு வாய் நன்றாகச் சிவந்தால் புருஷன்மேல் ஆசை அதிகம் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். நெமிலிச்சேரிக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன புதிதில் அந்தக் கேலி முழுவதும் எனக்குத்தான். அடுப்பெரிக்கும்போதும், களத்தில் நெல் தூற்றும்போதும் கன்னத்தில் வெற்றிலையை அடக்கியே வைத்திருப்பேன். "உன் வாயைப் பாத்தாலே எங்க தம்பி மேல எவ்ளோ ஆசை கீதுன்னு தெரியுதே" என்று கரையான்சாவடியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடும் கணவரின் அக்கா, வரும்போதெல்லாம் என் தாடையைப் பிடித்து ஆட்டுவாள். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்து வைப்பேன்.

ஆசையாவது மண்ணாவது. என் ஈறிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை மறைக்க வெற்றிலைச் சாற்றைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வானகரத்தில் அம்மா வீட்டில் இருக்கும்போதே அது தொடங்கிவிட்டது. செங்கல் பொடியால் பல் தேய்த்தால் விரலில் ரத்தம் ஒட்டும். தேய்ப்பதால்தான் வருகிறது என்று பெரிய வைத்தியச்சி மாதிரி நானே முடிவு செய்து, ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை மட்டும் தேய்த்தேன். விட்ட இடம் இன்னும் வீங்கிக் கருஞ்சிவப்பானது. ஈறு பல்லை விட்டு விலகி, முன்பற்கள் நீண்டுவிட்டதுபோலத் தெரிந்தன. பல்லடியில் சுண்ணாம்புக் காறை மாதிரி மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டிருந்தது. வலி மட்டும் இல்லை. வலித்திருந்தால் அழுதிருப்பேன், யாராவது என்னவென்று கேட்டிருப்பார்கள். வலிக்காத ஒன்றை நோய் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வாடை வந்தது. வாய் நாறுகிறவளுக்குக் குடல் அழுகியிருக்கிறது என்று அப்போது சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணை அதைச் சொல்லியே பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அழைத்துப்போக யாரும் வரவே இல்லை. எனக்கும் அந்தக் கதிதான் என்ற பயத்திலேயே குடித்தனம் நடத்தினேன். யாரோடு பேசினாலும் தள்ளி நிற்பேன். முந்தானை வாய்மேல் இருக்கும். படுத்தால் கணவருக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். "எங்க மருமவ மாதிரி அடக்கமான பொண்ணு இந்த ஊர்லயே கெடையாது" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்னும்.

வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காக ஆவடிப் பக்கம் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயத்தில் மாமனார் இறந்தார். சாவுக்கு வருகிறவர்களுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைப்போம். ஆனால் கருமாதி முடிகிறவரை வீட்டுப் பெண்கள் அதைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது. எல்லோரும் அந்த நல்ல மனுஷரை நினைத்து அழுதார்கள். நானும்தான் அழுதேன். ஆனால் இனி வாயை எதைக்கொண்டு மறைப்பது என்பதுதான் எனக்குள் ஓடியது. இதை எழுதக்கூடக் கூசுகிறது.

மறுநாள் காலை கொல்லையில் வாய் கொப்பளித்துச் சாம்பல் குவியலில் துப்பினேன். திரும்பினால் நாத்தனார். சாம்பல்மேல் செக்கச்செவேலென்று கிடந்ததைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

"எங்க நைனாவை எரிச்ச சூடுகூட ஆறல. இவ வெத்தல போட்டுத் துப்பிகினு கீறா, பாருங்க!"

கூடத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். மூலையில் சுருண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கினார். சத்தம் கேட்டு வாசலிலிருந்து கணவர் வந்தார்.

"போட்டியா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் இல்லை என்று சொல்லவேண்டுமே என்ற தவிப்பு அவர் முகத்தில் இருந்தது.

இல்லை என்றால், அப்புறம் ஏது சிவப்பு என்று கேட்பார்கள். வாயைத் திற என்பார்கள். ஊரே கூடியிருக்கும் இடத்தில் அந்த ஈறையும் காறையையும் காட்டி, அந்த வாடையை விடவேண்டும். அதன்பின் என் பெட்டியைக் கட்டி வானகரத்துக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள்.

"ஆமா" என்றேன்.

"நீயா பொண்ணே?" என்றார் மாமியார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கருமாதியன்று காரியம் முடிந்ததும் மாமியார் தன் வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்து, துக்கம் கழிந்ததற்கு அடையாளமாக வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். என் முறை வந்தபோது பெட்டியை மூடிவிட்டார். "உனக்கு எதுக்கு? நீதான் முன்னாடியே போட்டுகினியே." நாத்தனார் கொடுத்ததை மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக்கூடாதா என்றிருந்தது.

எழுந்து கொல்லைக்குப் போய்க் கொப்பளித்துத் துப்பினேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. மாமியார். இடுப்பில் வெற்றிலைப் பெட்டி. தரையில் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பொட்டி என் கையிலயே கீது. தட்டையும் எடுத்து வெச்சாச்சு. அப்ப இது இன்னா?"

நான் பின்வாங்கினேன். அவர் என் தாடையைப் பிடித்தார். "வாயைத் தொற." திறந்தேன். குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் ஈறை அழுத்தினார். விரல் நனைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் நகரவில்லை.

"நோவுதா?"

"இல்ல அத்தே."

"இதைச் சொல்ல வெக்கப்பட்டுகினா, செத்தவருக்கு மரியாதை தெரியாதவன்னு அத்தினி பேர் எதிர்ல பேர் வாங்கிகினே? என்னாண்ட வந்து சொன்னா நான் இன்னா கடிச்சா துப்பப்போறேன்?" என்றார். நான் அழுதேன், அவரும் அழுதார். அண்ணிக்கு மட்டும் தெரியவேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். கடைசிவரை அவர் சொல்லவில்லை.

மறுநாளே மாட்டுவண்டி கட்டி, கணவரோடு பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் மாட்டைப் பார்த்தபடியே, "செவுத்தாண்ட திரும்பிப் படுக்கச்சொல்லோ, என்னைப் புடிக்கலன்னு நெனச்சிகினேன்" என்றார். அந்தச் சொல், பிறகு ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கியதைவிட வலித்தது. டாக்டர் ஆடிய பல் ஒன்றை எடுத்தார், காறையைச் சுரண்டினார். ரத்தம் வருகிற இடத்தைத்தான் விடாமல், ஆனால் மெதுவாகத் தேய்க்கவேண்டுமாம். செங்கல் பொடியும் வெற்றிலையும் கூடாது, உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்கவேண்டும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக ஈறு இறுகியது. வாடை போயிற்று.

வெள்ளைக்காரன் போவதற்கு முன்பே மாமியாரும் போய்விட்டார். மறுநாள் காலை நான் கொல்லையில் கொப்பளித்துத் துப்பும்போது, பழையபடி பின்னால் நாத்தனார். தரையைக் குனிந்து பார்த்தாள். வெறும் தண்ணீர்.

"எங்கம்மா சாவுக்காவது வாயைக் கட்டிகினியே" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நோய் தீர்ந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்குள் என் கை தானாக முந்தானையை இழுத்து வாயை மூடியது.

"ஆமாங்க அண்ணி" என்றேன்.