காளியாயி மாடு பெத்லகேம் போன கதை

தூரிகையைச் சாயத்தில் தொடுவதற்கு முன்னால் நல்லமுத்து அதன் நுனியை உதடுகளுக்கிடையில் வைத்து, ஒரு திருகு திருகி, ஊசிபோலக் கூராக்கிக்கொள்வான். வேலை நடுவிலும் அப்படித்தான். அதனால் சாயங்காலம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும்போது அவன் வாயைத் திறக்காமலே அன்றைய வேலை என்னவென்று மனைவி நாகலெட்சுமிக்குத் தெரிந்துவிடும். உதடு கறுப்பென்றால் தேயிலைப் பெட்டிகளில் தோட்டப் பெயர் எழுதியிருக்கிறான். சிவப்பென்றால் நெருப்பணைக்கும் வாளிகள்.

அவனுக்கு இன்னொரு கீர்த்தியும் உண்டு. கண்ணால் பார்க்காததை அவனுக்கு வரைய வராது. தோட்டத்துத் தொரை, வெள்ளைக்காரர், ஒருமுறை பங்களா வாசல் பலகையில் சிங்கம் போடச் சொன்னார். "ஒரு சிங்கத்தக் கொண்டாந்து கட்டுங்க தொரை, போட்டுத் தந்துர்றேன்" என்று மிகப் பணிவாகவே சொன்னான். கடைசியில் பலகையில் பங்களா நாய்தான் உட்கார்ந்தது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாதா கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த சாமியார், யேசு பிறந்த காட்சியை அதில் வரைய நல்லமுத்துவைப் பிடித்தார். பார்த்து வரைய ஒரு பழைய கிறிஸ்மஸ் அட்டையும் கொடுத்தார். குழந்தைக்கு, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராத் தொட்டில்களில் ஆள் கிடைத்தது. சூசையப்பருக்குத் தோட்டத்துத் தச்சன் பழனியாண்டி. மாதாவுக்கு, வெட்கப்பட்டுக்கொண்டே, நாகலெட்சுமி. மாடுதான் இல்லை. அட்டையில் மாடு நின்ற மூலையைப் பூச்சி தின்றிருந்தது.

பங்களா மாட்டின் பக்கம் அங்கே சமையல் செய்தவன் யாரையும் விடமாட்டான். தோட்டத்தில் வேறு மாடு இல்லை. பங்களா ரோசாச் செடிகளை ஏதோவொரு மாடு மேய்ந்துவிட்டுப் போனதிலிருந்து, லயத்தில் மாடு வளர்க்கக் கூடாதென்று தொரை உத்தரவு. ஒன்று மட்டும் ஆளுயர மானாப் புல்லுக்குள் ஒளிந்திருந்தது. அது காளியாயியுடையது. புருஷன் போன பிறகு அவளும் இரண்டு பிள்ளைகளும் கஞ்சி குடித்ததே அந்த மாட்டால்தான்.

"மூஞ்சிய மட்டும் பாத்துக்க தம்பி. கொம்ப மாத்திப் போட்டுரு. ஒங் கையி சும்மா இருக்காது."

"சத்தியமா மாத்திர்றேங்க்கா."

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான். சுவரெதிரே நின்றதும் கை கேட்கவில்லை. இடது கொம்பு கண்ணைப் பார்த்து வளைந்தது. வலது காதில் கிழிசல் விழுந்தது. நெற்றியில் அரிசி இறைத்தாற்போல வெள்ளைப் புள்ளிகளும் வந்து சேர்ந்தன.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் தொரை படம் பார்க்க வந்தார். அவர் கண்ணில் குழந்தையும் படவில்லை, மாதாவும் படவில்லை.

"நல்லமுத்து, இந்த மாடு எந்த லயம்?"

"பெத்லகேம் மாடுங்க தொரை."

"பெத்லகேம் மாடு நம்ம ரோசா தின்றதா? பனியில ரெண்டு தரம் நான் பார்த்தது. இதே கொம்பு."

சாமியார் கூரையைப் பார்த்து இருமினார். வாசலில் நின்ற காளியாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"சும்மா மனசால போட்டதுங்க."

"பொய். நீ பார்க்காத சாமான் போட மாட்டாய். சிங்கம் கேட்டேன், நாய் போட்டாய்." தொரை கைத்தடியால் சுவரின் வெற்றிடத்தைத் தட்டினார். "இங்கே ஒட்டகம் போடு. மூணு ராசா வந்த ஒட்டகம். நாளைக்குக் காலையில வருவேன். சரியா இருந்தா இது பெத்லகேம் மாடு. இல்லாட்டி லயம் லயமாத் தேடி, மாட்டையும் மாட்டுக்காரனையும் வெரட்டுவேன்."

யுத்தத்தின்போது எகிப்தில் ஒட்டகங்களோடு இரண்டு வருஷம் கிடந்தவர் அவர்.

"ஒட்டகம் எப்பிடிங்க சாமி இருக்கும்?" என்றான் நல்லமுத்து.

சாமியாரும் படத்தில் பார்த்ததுதான். "கழுத்து நீளம். முதுகில திமில். எல்லாரையும் மேல இருந்து கீழ பார்க்கும். யாரையும் மதிக்காது."

"யாரையுமேவா?" என்றாள் காளியாயி.

காலுக்கு, பார்த்துப் பழகிய குதிரை இருந்தது. திமிலுக்குக் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்தான். முகம்தான் வரவில்லை. தூரிகையை உதட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் தேடினான். மேலிருந்து கீழே பார்க்கிற ஒரு நீள முகம் தானாக வந்து நின்றது. தொங்கும் கீழுதடு, பாதி மூடிய இமை, விடைத்த மூக்கு. கை ஓடியது. பொழுது சாயும்போது வேலை முடிந்து, சாமியார் கோயிலைப் பூட்டினார்.

லயத்தில் நாகலெட்சுமி அவன் உதட்டை உற்றுப் பார்த்தாள். "பொட்டியும் இல்ல, வாளியும் இல்ல. வெயில்ல வெந்த தொரை மூஞ்சி கலரு ஒங்க வாய்க்கு எப்பிடிங்க வந்துச்சு?"

தான் யாரை வரைந்து வைத்திருக்கிறோம் என்று நல்லமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. அழிக்கலாமென்றால் கோயில் பூட்டியிருந்தது.

காலையில் கோயில் நிறையக் கூட்டம். ஒட்டகத்தை ஒரு பார்வை பார்த்தவர்களெல்லாம் உடனே தரையைப் பார்த்தார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். தொரை கிட்டப் போனார், பின்னால் வந்தார், தலையைச் சாய்த்தார். சுவரில் ஒட்டகமும் அதே மாதிரி சாய்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி" என்றார் கடைசியில். "ரொம்பச் சரி. இந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். எகிப்துல பார்த்தது."

மாடு பிழைத்தது. காளியாயி கோயிலுக்குப் பின்னால் ஓடிப்போய், சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பங்களாவுக்குள் அந்த மாடு எப்படிப் போனது என்பது, தொரை கப்பலேறிப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சொன்னவன் பங்களாவில் சமையல் செய்த மூக்கன்.

"பங்களா மாடு பால் வத்திப்போயி அப்பவே ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. சொன்னா நம்ம வேல போயிரும். அதனால விடியக்காலம் காளியாயி மாட்ட நாந்தான் பங்களா பின்கட்டுக்கு ஓட்டியாந்து கறப்பேன். தொரை குடிச்சதெல்லாம் அந்தப் பாலுதான். கறந்துட்டு அடுப்பப் பாக்க உள்ள போனா, அது ரோசாவப் பாக்கப் போயிரும்."